நீலக் கேபிள்

பிடுங்கியாகிவிட்டது. கிளிப் விடுபட்ட சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை, அந்த அறையில் ஓயாமல் ஓடும் விசிறிகளின் இரைச்சல் அதையும் விழுங்கிவிட்டது. சண்முகவடிவு நீலக் கேபிளின் முனையை வலது கையில் பிடித்தபடியே சுவரில் ஓடிய சிவப்பு எண் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து, பிடுங்கி மூன்று விநாடி. ‘அதிகபட்சத் தடங்கல் பத்து விநாடி’ என்று காலையில்தான் தாளில் எழுதியிருந்தாள், தன் கையெழுத்தில், சற்று அழுத்தியே. பத்து என்பது பெரிய விஷயமில்லை. பத்து விநாடி திரை அசையாமல் நின்றால் நர்ஸுகள் மவுஸை இரண்டு தட்டுத் தட்டுவார்கள், அதற்குள் திரும்பி வந்துவிடும். அதிலும் இன்றைக்கு நெல்லையப்பர் தேரோட்டம், உள்ளூர் விடுமுறை, புறநோயாளிகள் பகுதியைப் பூட்டிவிட்டார்கள், வார்டுகளும் அவசரப் பிரிவும் மட்டும்தான். அதனால்தான் இந்த நாளைத் தேர்ந்தெடுத்தாள். ஆறு சர்வர்கள் இந்த அறையில் நிற்கின்றன, ஒன்றுக்கும் சொந்தமாக டிஸ்க் கிடையாது. நோயாளிகளின் குறிப்பு, ரத்த முடிவு, ஸ்கேன் படம் எல்லாம் மூலையில் இருக்கிற ஒரே டிஸ்க் பெட்டிக்குள். அந்தப் பெட்டிக்குப் போக இரண்டு பாதைகள். ஒன்றில் நீலக் கேபிள், மற்றதில் மஞ்சள் கேபிள், இரண்டுக்கும் கேபிள்களை இணைக்கிற தனித்தனி ஸ்விட்ச் பெட்டி. ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். தாங்கும் என்று பதினான்கு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிவருகிறாள். அடுத்த மாதம் தரச்சான்றுக்காரர்கள் வருகிறார்கள். சொன்னால் போதாது, பிடுங்கிப் பார்த்து எழுதிய தாள் வேண்டும் என்கிறார்கள். பிடுங்கிவிட்டாள். ஏழு. எட்டு. கை குளிர்ந்தது. இந்த அறைக்குள் வரும்போது எப்போதும் போட்டுக்கொள்கிற சால்வையை வெளியே நாற்காலியில் விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்பது இப்போதுதான் உறைத்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரஹ்மத் உட்கார்ந்திருந்தாள். சேர்ந்து இரண்டு வருஷமாகிறது, மேலப்பாளையத்திலிருந்து வருகிறவள், கெட்டிக்காரி. ஒவ்வொரு சர்வரும் மஞ்சளுக்கு மாறியதும் விரலைக் காட்டச் சொல்லியிருந்தாள் வடிவு. ஒன்று. இரண்டு. மூன்றும் நான்கும் சேர்ந்தே வந்தன. ஐந்தாவது விரல் விரிந்தபோது பதினொன்றாவது விநாடி. பத்து என்பது பதினொன்றானால் என்ன, குற்றமா. ஐந்து விரல்களும் கண்ணாடியில் ஒட்டியதுபோல அப்படியே நின்றன. மற்றக் கை எழும்பவில்லை. வடிவு புருவத்தை உயர்த்திக் கேட்டாள். ரஹ்மத் இல்லையென்று தலையை ஆட்டினாள். ஆறாவது. ஆறாவதில்தான் பழைய நோயாளிகளின் கோப்பும் ஸ்கேன் படங்களும். பதினாறு. பயப்பட ஒன்றுமில்லை. சர்வர் தன் வேலைகளை இரண்டு பாதைக்கும் மாற்றி மாற்றித்தான் கொடுக்கும், டிக்கெட் எடுக்க வருகிற கூட்டத்தை ஒரு ஆளை இந்தக் கவுண்டருக்கு, அடுத்த ஆளை அந்தக் கவுண்டருக்கு என்று பிரித்து அனுப்புகிற மாதிரி. ஒரு கவுண்டர் மூடிவிட்டால் புதிதாக வருகிறவர்களை மற்றதற்கு அனுப்பிவிடும், அதில் சிக்கலே இல்லை. ஏற்கெனவே மூடிய கவுண்டரில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறவர்கள்தான் சிக்கல். உள்ளே இருந்தவர் செத்தாரா, டீ குடிக்கப் போனாரா என்று சர்வருக்குத் தெரியாது. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும். எவ்வளவு பொறுக்க வேண்டும் என்று யாரோ ஒரு எண்ணை எழுதிவைத்திருப்பார்கள். அந்த எண் தீர்ந்த பிறகுதான் கைநீட்டி நிற்கிறவர்களை இழுத்து மறுபக்கம் விடும். அதுவரை அவர்களுக்குப் பின்னால் நிற்கிற அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். யாரோ ஒருவர் எழுதிவைத்த எண். இருபத்திரண்டு. யாரோ என்று ஏன் நினைக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. சர்வர் பக்கம் முழுக்க அவள் பொறுப்பு. கேபிள் பக்கம்தான் ஜெபசிங்.

ஜெபசிங்கை நினைக்கக் கூடாது என்று இருந்தாள். நினைக்காமல் இந்த இரும்பு ராக்குக்கு முன்னால் நிற்பது நடக்கிற காரியமில்லை. ஒவ்வொரு கேபிளையும் அவர்தான் இழுத்தார், நகவெட்டியால் பிளாஸ்டிக் வார்களை நறுக்கி நறுக்கி, நறுக்கிய துண்டுகளைக் கீழே போடாமல் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டு. ஐம்பது வயது, வள்ளியூர்க்காரர், மூன்று பிள்ளைகள், பதினோரு வருஷ வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு சோதனை. அன்றைக்கு விடுமுறை இல்லை, திங்கட்கிழமை காலை, கீழே கூட்டம். அவர் பிடுங்கினார். மேலே திரைகள் நின்றன. ஆபரேஷனுக்குத் தயாராக்கிய ஒரு அம்மாளின் ஸ்கேன் படம் பாதியில் உறைந்துபோய், மயக்க மருந்து கொடுத்த பிறகு மருத்துவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். ஜெபசிங் அவசரமாகக் கேபிளைத் திரும்பச் செருகினார், எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டது, அந்த அம்மாளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விசாரணை வைத்தார்கள். ஒன்றைப் பிடுங்கினால் நிற்காது என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே, பிறகு ஏன் நின்றது. வடிவிடம் கேட்டார்கள். அன்றைக்கு இரண்டு கேபிளும் ஒரே ஆரஞ்சு நிறம், ஒரே கட்டில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. “நான் பக்கத்துல இல்ல, சார். ஆனா ரெண்டு பாதையும் ஒரே நேரத்துல போயிருந்தாதான் இப்படி நிக்கும். ஒன்னை இழுக்கும்போது மத்ததும் சேர்ந்து வந்திருக்கலாம். ஒரே கலர், யாருக்கும் நடக்கும்” என்றாள். யாருக்கும் நடக்கும் என்று சொன்னதில் ஒரு கருணைகூட இருந்ததாக அப்போது நினைத்தாள். ஜெபசிங் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டு, “நான் ஒன்னைத்தான் மேடம் பிடுங்கினேன்” என்றார். சார் என்று அவர்களைப் பார்த்துச் சொல்லவில்லை, மேடம் என்று இவளைப் பார்த்துச் சொன்னார். அந்த மாதத்தோடு வேலை போய்விட்டது. பிறகு நீலத்தையும் மஞ்சளையும் வாங்கினார்கள், ராக்கின் இரண்டு ஓரத்துக்கும் தள்ளிப் போட்டார்கள். ஒரு கையால் இரண்டையும் தொட முடியாது. வடிவு இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் கேபிள் அதன் இடத்தில் இருந்தது, அதன் தலையில் பச்சை விளக்கு நிதானமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. முப்பத்து நான்கு. இரண்டும் பிடுங்கப்படவில்லை. ஒன்றுதான். ஒன்றைத்தான் பிடுங்கியிருக்கிறாள், ஆறாவது நிற்கிறது. அன்றைக்கும் நின்றது ஸ்கேன் படங்கள்தான். அன்றைக்கு மற்ற ஐந்தையும் யாரும் பார்க்கவில்லை. நின்றதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

அப்படியானால். அந்த ‘அப்படியானால்’ அதற்கு மேல் நகரவில்லை. குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நிற்கிற ஞாபகம் வந்தது. ரயில் எப்போது வரும் என்று தெரிந்தால் மனிதன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பான். தெரியாததால்தான் வண்டியைச் சாய்த்துக் கம்பிக்கு அடியில் நுழைக்கிறான், அவன் நுழைந்து முடிப்பதற்கும் ரயில் கடந்து கேட் தூக்குவதற்கும் சரியாக இருக்கும், பின்னால் பொறுமையாக நின்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஜெபசிங் பொறுத்திருந்தால் அது தானாக மாறியிருக்கும். செருகியதால் எல்லாம் சரியாகிவிட்டது, சரியாகிவிட்டதாலேயே அவர்மேல் தப்பு என்று ஆகிவிட்டது. வேடிக்கைதான். வேடிக்கை என்று நினைக்கிற மனசை அவள் கொஞ்சம் தள்ளிநின்று பார்த்தாள். அதற்கு வியர்க்கவில்லை, பதறவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. நாற்பத்தொன்று. அவளுக்குக் கொஞ்ச நேரமாகவே தெரியும், அந்தக் கணக்கு எங்கே போய் முட்டும் என்று, ஆனாலும் அது வேறு வேறு சந்துகளில் புகுந்து பார்த்தது. மகளுக்கு ஹாஸ்டலுக்கு அனுப்ப வேண்டிய பார்சல். ரத்த அழுத்த மாத்திரை காலையில் போட்டோமா. அந்த ஆறாவது சர்வர் எந்த மாதம் வந்தது. திரும்பவும் அங்கேயே. அன்றைக்கு விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் மேஜைத் திரையில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. ஸ்விட்ச் தன்பாட்டுக்கு எழுதிவைத்துக்கொண்டே போகிற லாக் என்ற பதிவு, எந்தக் கேபிள் எந்த விநாடியில் விழுந்தது, எந்த விநாடியில் எழுந்தது என்று வரிவரியாக. இரண்டாவது கேபிள் விழுந்திருந்தால் அதில் ஒரு வரி இருக்கும். விழவில்லையென்றால் இருக்காது. கீழே நான்கு விரற்கடை இழுத்தால் தெரிந்துவிடும். அவள் இழுக்கவில்லை. யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள், ஜன்னலை மூடிவிட்டுப் போனாள். யாரோ கூப்பிட்டார்கள் என்பதுகூட உண்மைதானா, இல்லை மூன்று வருஷமாக அவளே வளர்த்து வைத்திருக்கிற ஒரு குரலா. ஒரு வாரத்தில் அந்த வரிகளின் மேல் புது வரிகள் எழுதப்பட்டு அழிந்துபோயின. இரண்டாவது விழவில்லையென்றால் தப்பு சர்வர் பக்கம், சர்வர் பக்கம் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அது தெரிந்துதான் மூடினாளா? தெரிந்து என்று சொல்ல முடியாது. தெரியாமல் என்றும் சொல்ல முடியாது. கை மூடியது. மனசு அதைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டது. அப்படி ஒரு இடம் மனசில் இருக்கிறது போல. ஐம்பத்திரண்டு.

இப்படியே நின்றால் தெரிந்துவிடும், அதுதான் அடுத்து வந்த எண்ணம். அது வந்ததும் கையிலிருந்த நீல முனை சற்றுக் கனத்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்து, யாரும் தொடாமலே ஆறாவது தானாக மஞ்சளுக்கு மாறிவிட்டால், ஜெபசிங் சொன்னது சரி என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. இப்போதே செருகிவிட்டால் ஒன்றும் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் எப்படி மூடியதோ அப்படியே திரும்ப மூடிக்கொள்ளும். செருகுவது சுலபம். பொறுப்பது நியாயம். அப்படித் தோன்றியது, நியாயம் என்கிற சொல் நன்றாகவும் இருந்தது, பிறகு அந்தச் சொல்லின் மேலேயே சந்தேகம் வந்தது, இத்தனை நாள் இல்லாத நியாயம் இப்போது மட்டும் எப்படி. அப்போது கண்ணாடிக் கதவு திறந்தது. ரஹ்மத் பாதி உடம்பை மட்டும் உள்ளே நுழைத்து, இரைச்சலுக்கு மேலே கத்தினாள்.

“மேடம், கேஷுவாலிட்டில இருந்து போன். தேர் பாக்க வந்த இடத்துல ஒருத்தரு விழுந்துட்டாராம், ஒரு பக்கம் கை கால் வரலயாம்.”

“அதுக்கு?”

“ரெண்டு வருஷம் முன்னாடி நம்ம ஆஸ்பத்திரியிலதான் தலைக்குப் பாத்திருக்காங்க. அந்தப் பழைய ஸ்கேன் வேணுமாம். திறக்கவே மாட்டேங்குதாம். அதைப் பாத்துட்டுதான் ரத்தக் கட்டியக் கரைக்கிற ஊசி போடணுமா வேண்டாமான்னு சொல்லணுமாம்.”

“எவ்வளவு நேரமா நிக்காங்க?”

“இப்பதான். டாக்டர் போன்லயே இருக்காரு மேடம்.”

வடிவுக்கு அந்த விநாடியில் ஜெபசிங்கின் கை தெரிந்தது. முகம் இல்லை, கை மட்டும், நகவெட்டியைப் பையில் போட்டுவிட்டு அவசரமாகக் கேபிளைத் தேடிச் செருகுகிற கை. அந்தக் கைக்குத் தெரியாதா, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று. தெரிந்திருக்கும். மேலே ஆபரேஷன் மேஜையில் ஒருத்தி படுத்திருந்தாள், அதனால் செருகியது. அறுபத்து நாலாவது விநாடியில் வடிவு நீலக் கேபிளை அதன் துளையில் வைத்து அழுத்தினாள். விளக்கு முதலில் மஞ்சளாக ஒளிர்ந்து, யோசித்து, பச்சையாயிற்று. ஏழெட்டு விநாடி. ரஹ்மத் போனைக் காதில் வைத்தபடியே திரும்பி, மற்றக் கையில் ஆறாவதுக்கான ஒரு விரலை உயர்த்தினாள்.

வெளியே வந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்து, ஆறாவது சர்வரின் அமைப்புக் கோப்பைத் திறந்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. மற்ற ஐந்திலும் பத்து என்று இருந்த இடத்தில் இதில் நூற்றி இருபது என்று இருந்தது. யாரும் எழுதிய எண் அல்ல அது, மென்பொருளோடு கூடவே வருகிற எண். ஒரே பாதை வைத்திருப்பவர்களுக்கு அது சரியான எண்தான், அவர்களுக்குப் போக வேறிடமில்லை, இரண்டு நிமிஷம் காத்திருக்கத்தான் வேண்டும். இரண்டு பாதை போட்டவர்கள் அதைக் குறைத்து எழுத வேண்டும். அந்த ஐந்து சர்வர்களிலும் அவள் குறைத்திருந்தாள். ஆறாவது பிறகு வந்தது, ஒரு சனிக்கிழமை, அவளே தனியாக உட்கார்ந்து ஏற்றினாள். சரிபார்க்கும் பட்டியலில் அந்த வரிக்கு நேரே டிக் போட்டிருந்தாள், அந்தப் பட்டியல் இப்போதும் கோப்பில் இருக்கிறது, அவள் பேனா, அவள் டிக். மற்ற ஐந்துக்கும் போட்ட அதே வீச்சில் ஆறாவதுக்கும் போட்டிருந்தாள். ஏதாவது வலிக்கும் என்று காத்திருந்தாள். உடனே ஒன்றும் வலிக்கவில்லை. பல்லுக்கு மரத்துப்போக ஊசி போட்டபின் நாக்கால் தடவிப் பார்ப்பதுபோல அந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது நிர்வாக அதிகாரி கேசவமூர்த்தி மாடியிலிருந்து இறங்கி வந்தார். நல்ல மனிதர், அன்றைக்கு விசாரணைக்கு உட்கார்ந்த மூவரில் ஒருவர்.

“என்ன மேடம், ஒரு நிமிஷம் நின்னுபோச்சாமே. ரெண்டும் சேர்ந்து வந்துடுச்சா?”

“இல்ல சார்.”

“பரவால்ல, விடுங்க. அவசரத்துல கை படறது யாருக்கும் நடக்கறதுதான். உங்களைப் போய் யாரு கேக்கப் போறா. தாள்ல பத்து செகண்டுன்னே போட்டுருங்க, அடுத்த வாரம் இன்னொரு தரம் பாத்துக்கலாம்.”

அவள் அவரைப் பார்த்தாள். அவர் உண்மையாகவே உதவத்தான் நினைத்தார், முகத்தில் அது இருந்தது. தன் முகமும் அன்றைக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.

“சார், மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவுல நாலடி. கை படாது. நான் ஒன்னைத்தான் பிடுங்கினேன். தப்பு கேபிள்ல இல்ல, இதுல” என்று திரையில் அந்த எண்ணைக் காட்டினாள். “இதை மாத்தாம விட்டது நான். ஜெபசிங் பிடுங்கும்போதும் இதே எண்தான் இருந்துச்சு. அவரும் ஒன்னைத்தான் பிடுங்கியிருக்காரு.”

கேசவமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “இப்ப இதைக் கிளறணுமா?” என்றார், தாழ்ந்த குரலில்.

“எழுதிக் கொடுத்துடறேன், சார்.”

“வேலைக்கே ஆபத்தா முடியும் மேடம்.”

“சரி, சார்” என்றாள்.

அவசரப் பிரிவுக்கு ரஹ்மத் போய் விசாரித்துவிட்டு வந்தாள். பழைய ஸ்கேனில் மூளைக்குள் ரத்தம் கசிந்த தடம் இருந்ததாம். அப்படிப்பட்டவருக்கு அந்த ஊசி கூடாதாம். ஊசி போடாமல் வேறு வழியாக ரத்தக் கட்டியை எடுக்க மேலே கொண்டுபோய்விட்டார்கள், கூட வந்த பெண் வெளியே பெஞ்சில் தேர்க்கடையில் வாங்கிய பொரி உருண்டைப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். திறந்திராவிட்டால் டாக்டர் என்ன செய்திருப்பார் என்று ரஹ்மத் கேட்கவில்லை, வடிவும் யோசிக்கவில்லை, யோசிக்கப் போன மனசைத் திருப்பி வேலையில் விட்டாள். எண்ணைப் பத்தாக மாற்றினாள். மத்தியானம் மூன்று மணிக்கு, அவசரப் பிரிவில் யாரும் இல்லை என்று டாக்டரிடமே நேரில் கேட்டு உறுதி செய்துகொண்டு, திரும்பவும் நீலத்தைப் பிடுங்கினாள். ரஹ்மத் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு கையையும் உயர்த்தி ஆறு விரல் காட்டியபோது பத்தாவது விநாடி. மஞ்சளையும் பிடுங்கிப் பார்த்தார்கள், அதற்கும் பத்துதான். பிறகு டைரக்டருக்கு ஒரு பக்கக் கடிதம் அடித்தாள். என்ன எண், எங்கே இருந்தது, யார் விட்டது, மூன்று வருஷத்துக்கு முன்னால் என்ன நடந்திருக்க வேண்டும். நான்காவது வாக்கியத்தில் கை நின்றது. லாக் திறந்திருந்தது, பார்க்காமல் மூடினேன் என்பதை எழுதாமலே கடிதம் முழுமையாகத்தான் இருந்தது. இன்னொரு தரம் படித்துப் பார்த்தாள், முழுமையாகத்தான் இருந்தது. அதையும் எழுதி அனுப்பினாள்.

ஜெபசிங்கின் எண் இன்னும் அவள் போனில் இருந்தது. மாடிப்படியில், ஆள் நடமாட்டமில்லாத ஒரு வளைவில் நின்றுகொண்டு அழைத்தாள். மூன்றாவது மணியில் எடுத்தார். பின்னால் எங்கோ சுவரில் துளை போடுகிற சத்தம்.

“ஜெபசிங், நான் வடிவு பேசறேன்.”

துளை போடுவது நின்றது. “சொல்லுங்க மேடம்.”

“எங்க இருக்கீங்க?”

“ஒரு ஸ்கூல்ல கேமரா மாட்டுதேன். லீவுல்லா இன்னைக்கு, அதான் கூப்பிட்டாங்க. ஏணில நிக்குதேன், சொல்லுங்க.”

படியில் இறங்கி வந்தபோது பெரிதாக ஏதோ சொல்லத் திட்டமிட்டிருந்தாள். இப்போது அதை விட்டுவிட்டாள். நடந்ததை வரிசையாகச் சொன்னாள், நீலத்தைப் பிடுங்கியது, ஐந்து மாறியது, ஆறாவது நின்றது, கோப்பைத் திறந்து பார்த்தது. அவர் குறுக்கே பேசவில்லை. அவள் முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எவ்வளவு வச்சிருந்துச்சு?”

“நூத்தி இருபது.”

“ஓ” என்றார். பிறகு, தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல, “நான் நாப்பதுல செருகிட்டேன். இன்னும் எம்பது செகண்டு.”

“நின்னிருக்க முடியாது ஜெபசிங். நானும் நிக்கல.”

“ம்.”

“இன்னொன்னு இருக்கு. அன்னைக்கு ஸ்விட்ச் லாக் என் ஸ்கிரீன்ல திறந்து இருந்துச்சு. ரெண்டாவது கேபிள் விழுந்துச்சா இல்லையான்னு அதுல தெரிஞ்சிருக்கும். நான் பாக்காம மூடிட்டேன்.”

அவர் ஏணியிலிருந்து இறங்குகிறார் என்பது கேட்டது, ஒவ்வொரு படியாக, கம்பியில் செருப்புப் படுகிற ஓசை. தரைக்கு வந்து மூச்சு வாங்கினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூடத் தோன்றியது.

“இதை எழுத்துல குடுப்பீங்களா மேடம்?”

“குடுத்துட்டேன். டைரக்டருக்குப் போயாச்சு. உங்களுக்கும் ஒரு காப்பி அனுப்பறேன்.”

“சரி.” துளைக்கருவியைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. “வேலைய விடுங்க, அது இனி வந்தா என்ன, வராட்டி என்ன. வீட்டுலதான் மேடம். நான் குடிச்சிட்டுப் போயி வேலை செஞ்சு எல்லாத்தையும் பிடுங்கிட்டேன்னு யாரோ சொல்லிட்டாங்க. நான் ஒன்னைத்தான் பிடுங்கினேன்னு மூணு வருசமா சொல்லுதேன், வீட்டுக்காரி நம்பல. நம்பலன்னு சொல்லவும் மாட்டா, சும்மா தலைய ஆட்டுவா.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “காப்பி எல்லாம் அவளுக்குப் புரியாது. நீங்களே அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். பேரு லீதியாள். நம்பர் அனுப்புதேன், இப்பவே பேசிருங்க, நான் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி.”

வைத்துவிட்டார். அரை நிமிஷத்தில் எண் வந்தது. வடிவு படியிலேயே உட்கார்ந்து அதை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பாத்திரம் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது, அது நிறுத்தப்பட்டது, “யாரு?” என்றது ஒரு பெண்குரல். அவள் தன் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் சொன்னாள். வடிவு எழுந்து நின்றுகொண்டு, இருக்கிற சொற்களிலேயே சின்னதாகப் பார்த்து எடுத்து, சொல்லத் தொடங்கினாள்.